துவைத்து அனுப்பிய கோணி

அஸ்தம்பட்டியில், ஏற்காடு சாலையைப் பார்த்த மாடி அலுவலகத்தில், சிவக்குமார் கொண்டுவந்த பார்சலை மைதிலி மேசைமேல் பிரித்தார். உள்ளே ஒரு வெற்றுக் கோணிப்பை. துவைத்து, வெயிலில் காயவைத்து, கல்யாண வேட்டியைப்போல மடித்திருந்தது. மடிப்புக்குள் ஒரு புகைப்படம். எடைமேடைமேல் வெற்றுடம்புடன் கையை உயர்த்தி நிற்கிறான் கதிர்வேல். பின்பக்கம் பேனாவால் ஒரே வரி: 'இந்த ஜெயிப்பை எடுத்துவிடுங்கள்.'

"ராசிபுரம் பஸ்ல யாரோ போட்டுவிட்டிருக்காங்க மேடம். அனுப்பினவர் பேர் இல்ல," என்றார் சிவக்குமார்.

"மிரட்டல்தான்!" என்று நாற்காலியின் நுனிக்கு வந்தாள் இர்பானா. சட்டம் படித்துவிட்டு மைதிலியிடம் உதவியாளராகச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. "எடுக்கலேன்னா மூட்டை கட்டிருவோம்னு அர்த்தம்."

"மூட்டை கட்ட வர்றவன் சோப்புப் போட்டுத் துவைச்சு அனுப்புவானா?" என்றார் மைதிலி. லாரி விபத்துகளில் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக உண்மையைத் தோண்டுவது அவர் தொழில். கவிழ்ந்த லாரியைச் சுற்றி இருமுறை நடந்தால் போதும், டயர் வெடித்ததா, டிரைவர் கண்ணயர்ந்தாரா என்று சொல்லிவிடுவார். "நீங்க முதல்ல உங்க வேலையைச் சொல்லுங்க."

சிவக்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தார். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை எம்.எம்.ஏ. அதில் தொழில்முறையாக இறங்கும் தென்னிந்திய வீரர்களின் வெற்றி தோல்விகளைப் பதிந்து, எடைப் பிரிவு வாரியாகத் தரவரிசை போடும் இணையதளம் அவருடையது. ஃபேர்லேண்ட்ஸில் ஒற்றை அறையில் தொடங்கியது. இன்று மும்பையில் போட்டி நடத்துகிறவர்கள்கூட அதைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறார்கள்.

"இதுவரைக்கும் ஒரு வரியக்கூட நான் திருத்தினதில்ல மேடம். நாளைக்குக் காலையில லைட்வெயிட் பட்டியல் அபுதாபிக்குப் போகணும். முதலிடத்துல இருக்கறவனுக்கு அங்க ஒப்பந்தம். கதிர்வேல்தான் முதலிடம். ஆறு சண்டை, ஆறும் வெற்றி. கடைசியா நாமகிரிப்பேட்டையில சாம்பியன் பட்டத்துக்காக நயீமை ஜெயிச்சான். நயீம் சேலம் கோட்டைப் பையன், ரெண்டாவது இடம். கதிர்வேலோட இந்த வெற்றி போச்சுன்னா நயீம் மேல வந்துருவான்."

"அப்ப நயீம்தான்," என்றாள் இர்பானா.

"பொறு," என்ற மைதிலி சிவக்குமாரைப் பார்த்தார். "சண்டையில தீர்ப்பு சரியா?"

"மூணு நடுவரும் கதிர்வேல்னுதான் எழுதினாங்க. சந்தேகமே கிடையாது."

மைதிலி புகைப்படத்தைத் தட்டினார். "இது சண்டை போட்டோ இல்ல. முந்தின நாள் எடை போட்ட போட்டோ. அனுப்பினவருக்குச் சண்டையில குறை இல்ல. எடையிலதான்."

எடையில் தவறே நடந்திருக்க முடியாது என்றார் சிவக்குமார். லைட்வெயிட்டுக்கு எல்லை எழுபது கிலோ முந்நூறு கிராம். பட்டச் சண்டையில் ஒரு கிராம்கூட விட்டுக்கொடுப்பதில்லை. சேலத்திலிருந்து போன எடைமெஷின் வழியில் பழுதாகிவிட்டது. கதிர்வேலின் அப்பா சென்னியப்பன் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். தன் குடோனிலிருந்து மெஷினை மேடைக்குக் கொடுத்தனுப்பினார். அரசு முத்திரை போட்ட மெஷின். இருவரும் அதே மெஷினில்தான் ஏறினார்கள். கதிர்வேல் எழுபது கிலோ இருநூறு. நயீம் அறுபத்தொன்பது கிலோ இருநூறு.

அன்றைய நேரலைப் பதிவை இர்பானா மடிக்கணினியில் ஓடவிட்டாள். பளபளக்கும் மேடை, பின்னால் விளம்பரப் பேனர். ஒலிபெருக்கியில், அன்று அறிவிப்பாளராகவும் இருந்த சிவக்குமாரின் குரல் கேட்டது: "நயீம், அறுபத்தொன்பது இருநூறு! ஏப்பா, ஊட்டுல சோறு போடலையா?" கூட்டம் கொல்லென்று சிரித்தது. அடுத்து கதிர்வேல். அவன் ஏறும்போதே அவனுடைய பயிற்சியாளர் பெரிய துண்டோடு பக்கத்தில் வந்து நின்றார். எண் அறிவிக்கப்பட்டதும் கதிர்வேல் கையைத் தூக்கினான். உடனே குனிந்து மறுபடியும் எண்ணைப் பார்த்தான்.

"துண்டு எதுக்கு?" என்று கேட்டார் மைதிலி.

"எடை கூடும்னு பயம் இருந்தா, கடைசியா ஜட்டியையும் கழட்டிட்டு நிப்பாங்க. மறைக்கத் துண்டு. அன்னிக்குத் தேவைப்படல."

"தேவைப்படும்னு நெனச்சிருக்கான். அதான் நம்ப முடியாம ரெண்டு தடவை பார்க்கறான்," என்றார் மைதிலி. "இர்பானா, நயீமைக் கூப்பிடு."

நயீமின் குரல் களைப்பாக வந்தது. பார்சலா? அவனுக்கு ஒன்றும் தெரியாது. எடை? "ரூம்ல என் மெஷின்ல பார்த்துட்டுத்தான் வந்தேன் மேடம். சரியா எழுபது இருநூறு. மேடையில ஒரு கிலோ கம்மியா காட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. என் மெஷின்தான் பொய்னு தூக்கிப் போட்டுட்டேன்."

மைதிலி காரின் சாவியை எடுத்தார்.

வழியெல்லாம் சிவக்குமார் கொதித்தார். "மெஷின்ல ஏதோ பண்ணியிருக்காங்க. யாரா இருந்தாலும் சரி, முதல் பக்கத்துல பேரைப் போட்டு நாறடிக்கப் போறேன்."

"போடுங்க," என்றார் மைதிலி, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

நாமகிரிப்பேட்டையில் குடோனுக்கு எதிரிலேயே கதிர்வேலின் பிளெக்ஸ் நின்றது: 'தோல்வி அறியாத எங்கள் சிங்கம்.' குடோனில் மஞ்சள் மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கதிர்வேல் ஓடிவந்து, "வாங்கண்ணா! ஒரு போன் பண்ணியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருப்பேனுங்களே," என்றான். அவனுக்குப் பின்னால் வந்த சென்னியப்பன், இர்பானாவின் கையில் இருந்த கோணியைப் பார்த்தார். "வாங்க சாமி" என்று ஆரம்பித்த வாய் பாதியில் நின்றது.

மைதிலி எடைமேடை அருகே போனார். "ஐயா, மூட்டை எடை போடறப்போ சாக்கோட கனத்தை எப்படிக் கழிப்பீங்க?"

சென்னியப்பன் கோணியையே பார்த்துக்கொண்டு நின்றார். கதிர்வேல்தான் சொன்னான். "வெறுஞ்சாக்கை மேல போட்டு மெஷினைப் பூஜ்யம் பண்ணிக்குவோமுங்க. அப்புறம் நாள் பூராவும் மூட்டைய வெச்சா மஞ்சளோட எடை மட்டும் வரும். எங்க மண்டியில எல்லாம் இப்படித்தானுங்க."

மைதிலி கோணியை மேடையில் விரித்துப் பொத்தானை அழுத்தினார். பூஜ்யம். "சிவக்குமார், ஏறுங்க." எழுபத்தெட்டு கிலோ நானூறு. இறங்கச் சொல்லிவிட்டுக் கோணியை உருவி எறிந்தார். "இப்ப ஏறுங்க."

எழுபத்தேழு கிலோ நானூறு.

கதிர்வேல் குனிந்து எண்ணைப் பார்த்தான்.

"மெஷின்ல யாரும் கை வைக்கல," என்றார் மைதிலி. "குடோன்ல இருந்து வந்தப்போ அதுமேல கோணி இருந்துச்சு. அதோட சேர்த்துப் பூஜ்யம் பண்ணிட்டாங்க. அப்படியே விட்டிருந்தா எடை சரியாவே வந்திருக்கும். நடுவுல யாரோ கோணியை எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ஏறின எல்லாருக்கும் ஒரு கிலோ குறைஞ்சுது. நயீம் உண்மையில எழுபது இருநூறு. கதிர்வேல் எழுபத்தொண்ணு இருநூறு, எல்லையத் தாண்டி."

இர்பானா மடிக்கணினியை நீட்டினாள். நயீம் இறங்கிய கணத்தில் படத்தை நிறுத்தியிருந்தாள். காலியான மெஷினில் 'ஒன்று' என்ற எண். அதற்கு முன்னால் ஒரு சிறிய கழித்தல் கோடு. "வழியில கண்டுபிடிச்சேன். எல்லாரும் வீரர்களைப் பார்த்தாங்க. மெஷினை யாரும் பார்க்கல."

"ஒருத்தர் பார்த்தார்," என்றார் மைதிலி. "கோணி இல்லாத மெஷினைப் பார்த்ததும் என்ன ஆச்சுன்னு புரிஞ்சுக்கக்கூடியவர். தினமும் மூட்டை எடை போடறவர். அவர்தான் இதைத் துவைச்சு அனுப்பினார்."

சென்னியப்பன் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். "கையத் தூக்கிச் சொல்லோணும்னுதானுங்க நெனச்சேன். அப்பப் பாத்துப் பையன் சிரிச்சுட்டானுங்க. நாலு நாளாச் சரியாத் தண்ணி குடிக்காம கெடந்தவன். வாய் வரலைங்க." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அன்னியிலிருந்து என்னால தராசுப் பக்கம் நிக்க முடியலைங்க. மஞ்சள் வெளையவெச்ச காட்டுக்காரங்க மூட்டையக் கொண்டாந்து, 'நீங்க பாத்தாப் போதுமுங்க, நாங்க எதுக்கு எட்டிப் பாக்கோணும்'ங்கறாங்க. கூசுதுங்க."

"அப்பா, உங்களுக்குத் தெரியுமா?" என்றான் கதிர்வேல். பிறகு குரல் இறங்கியது. "எனக்கும் தெரியுமுங்க மேடம். விடிகாலையில எழுபத்தொண்ணு தாண்டி இருந்தேன். சாமி புண்ணியத்துல குறைஞ்சிருச்சுன்னு நம்பிக்கிட்டேன். நம்புறது சுலபமா இருந்துச்சுங்க."

சிவக்குமாருக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கியிருந்தது. "கோணியை எடுத்தது யாரு? அவன்தான மேடம் எல்லாத்துக்கும் காரணம்?"

மைதிலி மடிக்கணினியை வாங்கினார். பதிவை முதலிலிருந்து ஓடவிட்டு, ஒலியைக் குறைத்தார். நேரலை அப்போதுதான் தொடங்குகிறது. பேனருக்கு முன்னால், வெள்ளை விரிப்பின் நடுவில், மஞ்சள் கறை படிந்த கோணியோடு எடைமெஷின். ஓரத்திலிருந்து ஒரு கை நீள்கிறது. கோணியைப் பிடித்து இழுத்துப் பேனருக்குப் பின்னால் வீசுகிறது. மறு கையில் மைக். மணிக்கட்டில் நீலப் பட்டை போட்ட கைக்கடிகாரம்.

சிவக்குமார் தன் மணிக்கட்டைப் பார்த்தார்.

நினைவு வந்தது. மும்பைக்காரர்கள் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த அழுக்குக் கோணி திரையில் தெரிந்தால், ஏதோ சந்தையில் மாடு விற்கிற நிகழ்ச்சி என்று நினைப்பார்களே என்று கூசியது. இழுத்து எறிந்தார். எறிந்த கையோடு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, வணக்கம் சொன்னார். அவ்வளவுதான். அதைத் தப்பு என்று மனம் குறித்துக்கொள்ளவே இல்லை.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?" என்றார்.

"ஆபீஸ்லயே, பதிவு தொடங்கினப்பவே அந்தக் கையைப் பார்த்துட்டேன். ஆனா நீங்களே மெஷின்ல ஏறிப் பார்த்தாத்தான் நம்புவீங்கன்னு தோணுச்சு."

சென்னியப்பன் எழுந்து வந்து, கீழே கிடந்த கோணியை எடுத்து உதறி மடித்தார். "நீங்க வேணும்னு பண்ணலீங்க தம்பி. நான்தான் வேணும்னு பேசாம இருந்துட்டேன்." அந்த ஆறுதலைத் தாங்கிக்கொண்டு சிவக்குமாரால் நிற்க முடியவில்லை. வெளியே வந்து, பிளெக்ஸுக்குக் கீழே நின்று நயீமை அழைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். கதிர்வேலின் வெற்றி பதிவில் இருக்கும், ஆனால் எடை மீறிய சண்டை என்ற குறிப்போடு, பட்டம் ரத்து, முதலிடம் இனி நயீமுக்கு.

"எங்க அம்மா அந்த வீடியோவைப் பார்த்துட்டாங்கண்ணே," என்றான் நயீம். "நீங்க கேட்டீங்கள்ல, சோறு போடலையான்னு. அதுல இருந்து என் தட்டுல ரெண்டு கரண்டி கூடத்தான் வைக்கிறாங்க. அவங்ககிட்ட மட்டும் நீங்களே சொல்லிருங்க. இருங்க, குடுக்கறேன்."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. "அலோ?" என்றது ஒரு பெண் குரல். சிவக்குமார் திரும்பிப் பார்த்தார். குடோன் வாசலில் சென்னியப்பன் வெறும் மெஷினைப் பூஜ்யமாக்கிவிட்டு, மகனை ஏறி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்றார் சிவக்குமார். "நான்தாங்க அன்னிக்கு எடை போட்டவன்."