கேரியர் பிழைகள்

பிழைகள் கணக்காக வந்தன. சங்கமித்ராவுக்கு அதுதான் உறுத்தியது. கெட்டுப்போன நெட்வொர்க் கார்டு தாறுமாறாகப் பிழை காட்டும். இது மூன்று காட்டியது, நின்றது, மறுபடி மூன்று காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பொம்மசந்திரா தொழிற்சாலையில் வேறு யாரும் இல்லை. ஏசி உறுமிக்கொண்டிருக்க, சர்வருக்குப் பின்னால் கேபிள் வெளிவரும் சுவர் ஓட்டையிலிருந்து ஈரச் சிமெண்டு வாடையும் அதற்கடியில் ஏதோ புளித்த வாடையும் கசிய, அவள் லினக்ஸ் திரையில் ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப அடித்து, 'கேரியர்' என்ற வரியில் பிழைகளின் எண் ஏறுவதைப் பார்த்திருந்தாள். கார்டை மாற்றியாயிற்று. மாடியில் ஸ்விட்ச் போர்ட்டையும் மாற்றியாயிற்று.

மிச்சம் புதுக் கேபிள். வெள்ளிக்கிழமை வயர்மேன் உத்தமன் அதை உடம்பில் சுற்றிக்கொண்டு, மொட்டைமாடியிலிருந்து, சுவருக்குப் பின்னால் கேபிள்கள் இறங்கும் குறுகலான டக்ட்டுக்குள் இறங்கினார். எப்போதும் அப்படித்தான். ஓட்டை வழியாக நுனியை நீட்டி, "பிடி கண்ணு" என்றார். வாங்கிக் கனெக்டர் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவர் மேலே ஏறியதைப் பார்க்கவில்லை.

மேனேஜர் சிவசங்கரனுக்கு போன் செய்தாள். "சார், உத்தமண்ணன் வீட்டுக்குப் போயிட்டாரா?"

"அடுகோடில எங்கியாவது குடிச்சிட்டுக் கெடப்பான். உனக்கெதுக்கும்மா? உன் புரொபேஷன் நாளையோட முடியுது. லைன் சரியாகலன்னா நீ காலைல வரவே வேணாம். பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ்தானே? தொங்குற கேபிளை இழுத்துக் கட்டத் தெரியாதா?"

இழுத்தாள். உள்ளிருந்து யாரோ இழுத்தது போலிருந்தது. மெதுவாக. மூன்று தடவை.

உராய்வு, என்று சொல்லிக்கொண்டாள்.

சுவரில் கால் வைத்து, இரண்டு கையாலும் இழுத்தாள். ஒரு முழம் வந்தது. இறுக்கி ரேக்கில் டை போட்டுக் கட்டி, டையின் மிச்ச நுனியைக் கட்டரால் நறுக்கினாள்.

எண் நின்றது. ஐந்து நிமிடம் ஆகியும் ஏறவில்லை.

"சார், சரியாயிடுச்சு."

"சபாஷ். காலைல லெட்டர் வாங்கிக்கோ. இனிமே அதைத் தொடாதே."

ஏசியை அணைத்தாள். ஓட்டைக்குள் மூச்சு. மெல்லிய, ஈரமான மூச்சு.

டார்ச் அடித்தாள்.

ஒரு சாண் தூரத்தில் உத்தமனின் முகம். கழுத்தில் கேபிள் இரண்டு சுற்று. உதடு கறுத்திருந்தது. கண் திறந்திருந்தது.

சிமிட்டியது.

கட்டர் அவள் கையிலேயே இருந்தது. ஒரே வெட்டு போதும். லைனும் போய்விடும்.

டார்ச்சை அணைத்தாள். கட்டரைப் பையில் போட்டாள். கதவின் கைப்பிடியைத் தொடும்போது திரும்பிப் பார்த்தாள்.

நகம் பெயர்ந்த ஒரு விரல் ஓட்டைக்கு வெளியே நீண்டு, காற்றில் அவளைத் தேடிக்கொண்டிருந்தது.