மச்சான் கொடுத்த ரத்தம்

போன் அலறியது.

எடுத்த ஃப்ளோரன்ஸும் அலறினாள்!

"இன்னாது... எங்க வூட்டுக்காரரா? லேப் வாசல்ல மயங்கி வுழுந்துட்டாரா?"

சத்தம் கேட்டு, முகமெல்லாம் ஷேவிங் நுரையோடு பாத்ரூமிலிருந்து ஓடி வந்தான்...

ஸ்டானிஸ்லாஸ். அவள் புருஷன்!

"நீ இங்க கீறே... அப்போ அங்க யாருய்யா?"

நுரைக்கு அடியில் அவன் முகம் வெளுத்தது.

"உன் தம்பி... ஃப்ரெடி."

ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பறந்தது. ஸ்டானிஸ்லாஸ் உண்மையைத் துண்டு துண்டாகக் கக்கினான்.

துறைமுகத்தில் அவன் கிரேன் ஆபரேட்டர். போன வருஷம் காலில் ரத்தக்கட்டி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அதைச் சாப்பிடும்வரை கிரேன் ஏற விடமாட்டார்கள். டாக்டர் மாத்திரையை நிறுத்தி, ஒரு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார். நார்மல் என்றால் மாத்திரைக்கு முழுக்கு. இல்லையென்றால் கிரேனுக்கு முழுக்கு!

"பயந்துட்டேன் ஃப்ளோரா... அதான் என் பேர்ல அவனை ரத்தம் குடுக்கச் சொன்னேன்."

"கஸ்மாலம்! அசிங்கமா இல்ல உனக்கு?"

எமர்ஜென்சி வார்டு. ஆக்ஸிஜன் மாஸ்க்குடன் ஃப்ரெடி. கையில் ஊசியுடன் டாக்டர் உமைமா.

"நீங்கதான் மிஸஸ் ஸ்டானிஸ்லாஸா? ரத்தக்கட்டி நுரையீரலை அடைச்சிருக்கு. கட்டியைக் கரைக்க ஊசி போடறேன். அவரோட பழைய ரெக்கார்டு பார்த்துட்டேன்... உள்ளுக்குள்ள ரத்தக்கசிவு எதுவும் இருந்ததில்ல. பயப்படாதீங்க."



அது ஸ்டானிஸ்லாஸின் ரெக்கார்டு!

ஃப்ரெடியோ போன மாதம்தான் வயிற்றுப்புண்ணால் ரத்தவாந்தி எடுத்தவன். இந்த ஊசி ஏறினால் புண்ணிலிருந்து ரத்தம் நிற்காமல்...

வாயைத் திறந்தால் வேலை போகும். மூடினால் மச்சான் போவான்!

ஒரு நொடி... வெட்கக்கேடு, ஒரு முழு நொடி அவன் மூடித்தான் நின்றான்.

"நிறுத்துங்க மேடம்! நான்தான் ஸ்டானிஸ்லாஸ்! அவன் வயித்துல புண்ணு கீது!"

வார்டே திரும்பியது. தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். ஃப்ளோரன்ஸ் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

உமைமா ஊசியைக் கீழே வைத்தார்.

"வேற வழி பார்க்கறேன். நீங்க டெஸ்டுக்குக் கையை நீட்டுங்க... இந்தத் தடவை உங்க கை!"

மறுநாள் ஃப்ரெடி கண் விழித்தான். ஸ்டானிஸ்லாஸ் உள்ளே வரக் கூசி வாசலிலேயே நின்றான்.

"ஃப்ரெடி டிரெய்லர் ஓட்டறவராமே," என்றார் உமைமா. "எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் லாரி வரிசையில நாள்கணக்கா காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கார். கால் வீங்கினதை ஒருத்தர்கூடவா கவனிக்கல?"

ஸ்டானிஸ்லாஸ் கவனித்திருந்தான். "குந்திகினே இருந்தா வீங்கத்தான்டா செய்யும்" என்று சிரித்தும் இருந்தான்.

"உங்க ரிசல்ட் வந்தாச்சு ஸ்டானிஸ்லாஸ். நார்மல்! மாத்திரையே வேணாம். நீங்களே ரத்தம் குடுத்திருந்தா இந்தக் கூத்தே இல்ல."



ஃப்ரெடி மாஸ்க்கை விலக்கினான்.

"இன்னா மாமு... உன் பரீட்சையை எழுதப் போயி நான் ஃபெயிலாயிட்டேன். படிக்காத நீ பாஸாயிக்கிறியே!"