பனிக்குள் கேட்ட மணி

பொன்னுமணியின் வீடு போடி மலைச்சரிவில், ஏலத்தோட்டத்தை ஒட்டி இருந்தது. பத்து வயதாகியும் அவள் கடலைப் பார்த்ததில்லை. 1955ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் அப்பாவோடு ரயிலில் மதுரைக்குப் போய், இரண்டு பஸ் மாறி, கடைசியில் மாட்டுவண்டியில் மூக்கையூர் வந்து சேர்ந்தாள். அந்த மீனவர் ஊரில்தான் அவளுடைய சித்தப்பா பால்சாமி வாத்தியாராக இருந்தார்.

பக்கத்து வீட்டு முனியாயி அன்றே தோழியாகிவிட்டாள். மலை எவ்வளவு உயரம் என்று கேட்டாள். பனைமரத்தின் மேல் பனைமரமாக நூறு மரம் நட்டால் எட்டும் என்றாள் பொன்னுமணி. முனியாயி நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரைப் பனி மூடியது. கடலும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. இப்படியொரு பனியை அந்த ஊர் கண்டதில்லை. மற்ற வள்ளங்கள் முன்பே திரும்பிவிட்டன. முனியாயியின் அப்பா மொக்கச்சாமியின் வள்ளம் மட்டும் வரவில்லை. திசை தப்பினால் பாறையில் மோதிவிடும். பெண்கள் பனையோலையைக் கொளுத்திப் பார்த்தார்கள். பத்தடிக்கு அப்பால் அந்த வெளிச்சமும் தெரியவில்லை. முனியாயி அலை காலில் படும்வரை போய் நின்றாள்.

பொன்னுமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சித்தப்பாவிடம் ஓடினாள்.

"சித்தப்பா, தோட்டத்துல மூடுபனி எறங்குனா தகரத்தத் தட்டுவாங்க. அந்தச் சத்தத்தப் பிடிச்சே எங்க ஆத்தா வீடு வந்துரும். பள்ளிக்கூடத்து மணிய அடிக்கலாமா?"

கரையோரப் பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்கியது ஒரு தண்டவாளத் துண்டு. சித்தப்பா உடனே சுத்தியலை எடுத்துக் கொடுத்தார். தோழிகள் இருவரும் மாறி மாறி அடித்தார்கள். மூன்று அடிக்கு ஒருமுறை நிறுத்தச் சொன்னாள் பொன்னுமணி.

"அவுக கூப்பிட்டா நமக்குக் கேக்கணும்ல?"

சத்தம் கேட்டு நான்கு பிள்ளைகள் சிலேட்டோடு ஓடி வந்தார்கள். சித்தப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர்களை ஓரமாக நிற்கச் சொன்னார்.

கை சிவந்துபோன நேரத்தில், பனிக்குள்ளிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது. மணி விடாமல் ஒலித்தது. சற்று நேரத்தில் வள்ளத்தின் மூக்கு மணலைத் தொட்டது.

மொக்கச்சாமி நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "என்ன வாத்தியாரே, லீவு நாள்லயுமா பள்ளிக்கூடம்?"

அதுவரை அழாத முனியாயி அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

மத்தியானம் அவள் வீட்டில் பொன்னுமணிக்கு மீன்சோறு. முள்ளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்த பிறகே முனியாயி அவளைச் சாப்பிட விட்டாள்.