காருக்கு ஊற்றிய தண்ணீர்

அப்பாவின் அம்பாசடர் காரில் இனி ஏறவே மாட்டேன் என்று கோகுல் சொல்லி மூன்று வாரம் ஆகிவிட்டது. யாரும் அவனை வற்புறுத்தவில்லை.

பந்தல்குடி ரோட்டில் கார் ஓடிக்கொண்டிருந்தபோது, பின்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த அவன் காலடியில் தகடு பொத்துக்கொண்டது. ஆறு வயதுப் பிள்ளையின் கால் ஓட்டை வழியே இறங்கித் தார்ரோட்டில் உரசியது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அப்பா தவசி காரை வெளியே எடுக்கவே இல்லை. இன்றுதான், வண்டித் தகடு வெட்டி ஒட்டும் டிங்கர் பட்டறைக்கு எடுத்து வந்திருந்தார். கோகுலின் அக்கா மாரீஸ்வரியும் கூட வந்திருந்தாள்.

டிங்கர் சின்னச்சாமி, உள்ளே விரித்திருந்த சாக்கைத் தூக்கினார். கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் இரும்புப் பெட்டியைத் திருப்புளியால் குத்தினார். திருப்புளி கைப்பிடி வரை உள்ளே போனது.

"பிஸ்கட்டு மாதிரி உதிருதே! மழையே பெய்யாத ஊருல இது எப்படிண்ணே? தூத்துக்குடியில மீன் லோடு ஏத்துனீகளா?"

"ஏலே, மாப்பிள்ளை ஊர்வலம் போற வண்டிடா இது! மீன் லோடாம்ல!"

"பின்னே இந்த உப்பு எங்கிருந்து வந்துச்சு?"

மாரீஸ்வரி எட்டிப் பார்த்தாள். துருவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. வீட்டு வாளியிலும் அதே வெள்ளைதான் படிந்திருக்கும். அவர்கள் வீட்டு போர்வெல் தண்ணீர் அவ்வளவு உப்பு; சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது.

அந்தத் தண்ணீரில்தான் அவள் தினமும் காரின் உட்புறத்தைக் கழுவினாள். நான்கு வாளி ஊற்றி, விளக்குமாற்றால் தள்ளி, ஈரத்தின் மேலேயே சாக்கு விரிப்பாள். "என் மக கழுவுன தரையில சோறு போட்டுத் தின்னலாம்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்வார்.

"இடப்பக்கம் மட்டும் வெட்டி மாத்து," என்றார் தவசி. "வலப்பக்கம் பெயிண்டு கூட உரியல. இனிமே சின்னவனை அங்கிட்டு உக்கார வச்சுக்கிறேன்."

மாரீஸ்வரி வலப்பக்கத் தரையைப் பார்த்தாள். சொன்னால் எல்லாம் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் கோகுல் வலப்பக்கம் உட்காருவான்.

"அப்பா, அந்தப் பக்கமும் பாக்கச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"நான் ரெண்டு பக்கமுந்தான் தண்ணி ஊத்துனேன். போர் தண்ணி. என்னாலதான் தம்பி விரலு…"

சின்னச்சாமி வலப்பக்கம் சுத்தியலால் தட்டினார். 'டங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'தொப்' என்றது. இன்னொரு தட்டு. பளபளத்த பெயிண்டு முட்டை ஓடு போல உடைந்தது. உள்ளிருந்து செங்கல் தூள் மாதிரி துரு கொட்டியது.

தவசி அந்தத் தூளைக் கையில் அள்ளிப் பார்த்தார். பிறகு மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"உன் கையில வாளியக் குடுத்தவன் நாந்தான் தாயி."

சின்னச்சாமி கதவுகளைக் கழற்றிவிட்டு, அந்த இடங்களில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்தார். "இல்லேன்னா வண்டி நடுவுல தொங்கிப்போயிரும். அப்புறம் கதவைச் சாத்தவே முடியாது," என்றார். பிறகு இரண்டு பக்கத்தையும் வெட்டி, தரைக்கும் சேர்த்துப் புதுத் தகடு வைத்தார். வேலை முடிய ஒன்பது நாள் ஆனது.

கார் வீட்டுக்கு வந்தபோது, கட்டுப் போட்ட காலுடன் கோகுல் வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"இதுவும் பொத்துக்கும்," என்றான்.

மாரீஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் ஏறினாள். சீட்டுக்கு முன்னால் குனிந்து நின்று, இடப்பக்கம் மூன்று குதி, வலப்பக்கம் மூன்று குதி குதித்தாள்.

"நீ ஒல்லிக்குச்சி. அப்பாவைக் குதிக்கச் சொல்லு."

தவசியும் ஏறிக் குதித்தார். கூரையில் தலை 'ணங்' என்று இடித்தது. தகடு அசையவில்லை.

கோகுல் நொண்டி நொண்டி வந்தான். கதவைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலின் குதிகாலால் தரையைத் தட்டினான்.

டங்.

இன்னொரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, மெல்ல ஏறி உட்கார்ந்தான்.

அன்று சாயங்காலம் மாரீஸ்வரி கார்த் தரையை, காய்ந்த துணியால் துடைத்தாள்.