நீலாவின் பதினெட்டு மதிப்பெண்

தொடர் ஓட்டக் குழுவில் என் பெயர் ஐந்தாவதாக இருந்தது. ஓடுவது நான்கு பேர். யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் ஐந்தாவது ஆளுக்கு வாய்ப்பு.

அது 1984ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. பஹ்ரைனில், குதைபியாவில், வாப்பாவின் துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் வீடு. பள்ளி மைதானத்தில் பேருக்குக்கூடப் புல் கிடையாது. பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போனால், "மெஹர், கால் மண்ணை உதறிட்டு உள்ள வா!" என்று உம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

எங்கள் குழுவில் கடைசியாக ஓடுபவள் நீலா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அதிகம் பேச மாட்டாள். ஆனால் ஓட்டக்கோல் கைக்கு வந்துவிட்டால், முன்னால் போகிறவர்களையெல்லாம் தாண்டிவிடுவாள்.

போட்டிக்கு ஒரு மாதம் இருந்தபோது, விளையாட்டு ஆசிரியர் கார்மேகம் சார் எங்களைக் கூப்பிட்டார்.

"புது விதி வந்திருக்கு. வர்ற பரீட்சையில எல்லாப் பாடத்திலயும் நாப்பது எடுக்கணும். இல்லேன்னா ஓட முடியாது."

எல்லோரும் நீலாவைப் பார்த்தோம். மற்ற பாடங்களை மனப்பாடம் செய்து எப்படியோ தேறிவிடுவாள்; போன கணக்குப் பரீட்சையில் மட்டும் அவள் எடுத்தது பதினெட்டு.

"மெஹர்பானு, எதுக்கும் நீ தயாரா இரு" என்றார் சார்.

எனக்கு ஒரே சந்தோஷம். அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும், கையில் கோல் இருப்பதாக நினைத்துக்கொண்டு வீடு வரை ஓடினேன்.

மறுநாள் இடைவேளையில் நீலா வகுப்பில் தனியாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் கணக்குப் புத்தகம். கண்கள் சிவந்திருந்தன.

"கணக்கு வராதா உனக்கு?" என்று கேட்டேன்.

"ஏன் வராது? ஊரில எண்பதுக்குக் கீழ நான் எடுத்ததே இல்லை!"

"அப்ப பதினெட்டு?"

"அங்க தமிழிலதானே படிச்சனாங்கள். இஞ்ச என்ன கேக்கினம் எண்டே விளங்கேல்லை."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. புத்தகத்தை இழுத்து, ஆங்கிலத்தில் இருந்த ஒரு கணக்கைத் தமிழில் சொன்னேன்.

"ஒரு கடைக்காரர் தொண்ணூத்தாறு பெட்டி பேரீச்சம்பழம் வாங்குறார். மூணுல ஒரு பங்கை வித்துட்டார். மீதி..."

"அறுபத்திநாலு" என்றாள்.

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அறுபத்துநான்குதான்!

நான் பேசாமல் போயிருக்கலாம். போயிருந்தால், கோல் என் கைக்கு வந்திருக்கும். அதை யோசித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். நீலா மறுபடி புத்தகத்தை முறைக்க ஆரம்பித்திருந்தாள்.

"ஒரு நோட்டு எடு" என்றேன்.

கணக்கில் வரும் ஆங்கிலச் சொற்களை ஒரு பக்கம் எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுதினேன். 'பெரிமீட்டர்' வந்ததும் மாட்டிக்கொண்டேன். அதற்குத் தமிழ்ச் சொல் எனக்குத் தெரியவில்லை.

"சுற்றளவு" என்று சொல்லிக் கொடுத்தாள் நீலா. பிறகு நான் எழுதியதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். "இதென்ன, 'மிதி' எண்டு எழுதியிருக்கிறாய்? கடைக்காரர் பேரீச்சம்பழத்தைக் காலால மிதிச்சவரோ?"

அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதன்பிறகு ஒவ்வோர் இடைவேளையும் அந்த நோட்டோடுதான் கழிந்தது. பரீட்சைத்தாள் வந்தது. நீலாவுக்கு எழுபத்தாறு, எனக்கு அறுபத்தொன்று. கார்மேகம் சார் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "மெஹர்தான் சொல்லித் தந்தவள்" என்றாள் நீலா.

போட்டி வேறொரு பள்ளியில் நடந்தது. நீலா கைக்குக் கோல் வந்தபோது நாங்கள் மூன்றாவது இடத்தில் இருந்தோம். "யல்லா நீலா, யல்லா!" என்று, அரபுப் பிள்ளைகள் 'ஓடு, ஓடு' என்று விரட்டுவதுபோல், தொண்டை கட்டும்வரை கத்தினேன். கடைசி வளைவில் ஒருத்தியைத் தாண்டினாள். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொருத்தியையும் தாண்டிவிட்டாள்.

கார்மேகம் சார் என் பக்கத்தில் வந்து நின்றார். "நீ சொல்லித் தராம இருந்திருந்தா, இன்னிக்கு நீதானேம்மா ஓடியிருப்ப?"

"ஆமா சார். அப்ப கப்பு கிடைச்சிருக்காது."

சார் வாய்விட்டுச் சிரித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் நீலா கோப்பையை என் மடியில் வைத்தாள். நெடுநேரம் வெயிலில் இருந்த கோப்பை, பாவாடையையும் மீறிச் சுட்டது. குதைபியா வரும்வரை நான் அதை இறக்கவே இல்லை.