குளிர்நாள் கையெழுத்து

காலை ஐந்தே முக்காலுக்குப் பனிமயம் படகை அவிழ்த்தாள். கருங்கழி என்ற உப்பங்கழியின் முகத்துவாரத்தில் நான்கு வெப்பமிதவைகள் இருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் போய் எண்ணைப் படித்து, காவல் மேடைக்குத் திரும்பிப் பலகையில் எழுத வேண்டும். எண்கள் திரையில் தாமாகவே வந்துவிடும். இருந்தாலும் ஆள் போய்ப் பார்த்தாக வேண்டும் என்பது கடல் காவல் வாரியத்தின் விதி. பதினொரு வருடமாக அவள் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்திரையில் அந்தத் தண்ணீர் முப்பத்தெட்டு டிகிரிக்குப் போகும். ஆடியில் எவ்வளவு காற்றடித்தாலும் முப்பத்தாறுக்குக் கீழே இறங்காது. மார்கழிக் கடைசியிலும் தை முதல் வாரத்திலும் மட்டும் முப்பத்தொன்று, முப்பத்திரண்டுக்கு வரும். அந்தப் பன்னிரண்டு நாட்களுக்குக் குளிர்நாள் என்று பெயர். வருடத்தில் அப்போது மட்டும்தான் மக்கள் கடலில் இறங்கலாம். அதுவும் கடல் உள்ளே ஏறும் நேரத்தில்தான். நீர் வடியும்போது கழியின் ஆழமில்லாத இடங்களில் வெயிலில் சூடேறிக் கிடந்த தண்ணீர் முழுவதும் முகத்துவாரம் வழியாக வெளியே வரும்.

சூடான தண்ணீரில் நீந்துகிறவருக்கு வியர்த்தும் பயனில்லை. உடம்புச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறும். முதலில் பேச்சு குழறும், பிறகு நினைவு போகும். வேறொரு கழியில் மிதவைகளை மட்டும் நம்பி மூன்று பேர் இறந்த பிறகு, 'உடற்சாட்சி' என்ற விதி வந்தது. மக்களை விடுவதற்கு முன் காவலர் ஒருவர் கழுத்தளவுத் தண்ணீரில் பத்து நிமிடம் நின்று, தண்ணீர் தகுந்தது என்று கையெழுத்திட வேண்டும்.

அன்று குளிர்நாளின் நான்காம் நாள். இரவு நல்ல மழை பெய்திருந்தது. நான்கு மிதவைகளும் முப்பது புள்ளி எட்டு காட்டின.

"இந்த வருசம் இதான் கம்மி," என்றார் உடன் வேலை பார்க்கும் தொபியாஸ், மேடையில் நின்றபடி. "எப்படிக்கா இருக்கு?"

பனிமயம் கழுத்தளவில் நின்றிருந்தாள். "நல்லாருக்கு."

பத்து நிமிடம் முடிந்ததும் ஏறி வந்து கையெழுத்திட்டாள். தொபியாஸ் பச்சைக் கொடியை ஏற்றினார்.

தண்ணீரில் நின்றபோது அவளுக்குச் சூடோ குளிரோ தெரிந்திருக்கவில்லை. காவலர்கள் எல்லோருக்கும் பிடரியில் மரப்புப்பட்டை ஒட்டப்பட்டிருந்தது. கோடையில் வெந்நீரிலும் கொட்டும் சொறிமீன்களுக்கு நடுவிலும் வேலை செய்ய அது இல்லாமல் முடியாது. சூடும் வலியும் தோலிலிருந்து மூளைக்குப் போகாமல் அது மறித்து வைக்கும். உடற்சாட்சிக்கு முந்தைய நாளே கழற்றிவிட வேண்டும். அவளும் தவறாமல் கழற்றுவாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குளிர்நாளில், பட்டை இல்லாத நேரம், அடுப்பிலிருந்த தோசைக்கல்லின் மேல் கையை ஊன்றிவிட்டாள். கருகிய வாடை வந்த பிறகுதான் கையை எடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று தோன்றியது. பயம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கவும் தோன்றவில்லை.

அன்றைக்கு இறங்கியவர்களில் அவளுடைய தங்கை ஜோவிட்டாவும் ஒருத்தி. திருப்பூரில் கூரை போட்ட நீச்சல் குளத்தில் நீந்திப் பழகியவள். குளிர்நாளில் இறங்க வாரியம் நடத்தும் குலுக்கலில் அவள் பெயர் விழ ஐந்து வருடம் ஆகியிருந்தது. நீலத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு இடுப்பளவுக்குப் போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, மேல ஜில்லுனு இருக்கு. கால்ல மட்டும் என்னமோ கதகதன்னு இருக்கு."

பனிமயம் பலகையைப் பார்த்தாள். "முப்பது புள்ளி எட்டுதான்ட்டி காட்டுது."

"நீ எறங்கிப் பாத்தேல்லா?"

"பாத்தேன்."

"அப்ப சரி," என்று ஜோவிட்டா சிரித்தபடி தலையை முக்கினாள்.

மூன்றாம் மிதவைவரை போய் வர அறுநூறு மீட்டர். போகும்போது அழகாகப் போனாள். மிதவையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றபடியே காலை உதைத்தாள். திரும்பும்போது கைவீச்சு கோணியது. கரையை விட்டுப் பக்கவாட்டில் போக ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததுமே பனிமயம் படகைத் தள்ளிவிட்டாள்; தொபியாஸும் தாவி ஏறிக்கொண்டார்.

படகில் தூக்கிப் போட்டபோது ஜோவிட்டா பேசிக்கொண்டிருந்தாள். "அடுப்ப அணைச்சாச்சா? சின்னவன் ஸ்கூலுக்குப் போணும்." அவளுக்குச் சின்னவன் என்று யாரும் இல்லை.

தொபியாஸ் படகின் விளிம்பில் குனிந்து, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டார். சட்டென்று வெளியே எடுத்தார்.

"அக்கா, கீழ கொதிக்குது. மழைத்தண்ணி மேலாக்கதான் நிக்குது." அவளை நிமிர்ந்து பார்த்தார். "கழுத்தளவுல நின்னியே, உனக்கு…"

பாதியிலேயே திரும்பி, சிவப்புக் கொடி ஏற்றச் சொல்லி மேடையைப் பார்த்துக் கத்தினார். பனிமயம் தங்கையின் முகத்தை இரு கைகளிலும் ஏந்தியிருந்தாள். உடம்புச் சூடு நாற்பத்தொன்றரை டிகிரி என்று பிறகு மருத்துவமனையில் சொன்னார்கள். அவள் கைகளுக்கு அது வெறும் முகமாகத்தான் இருந்தது.

மேலும் நான்கு பேர் மயங்கினார்கள். அவர்கள் அன்று மாலையே தெளிந்துவிட்டார்கள். ஜோவிட்டாவுக்கு நினைவு வர ஆறு நாளானது.

விசாரணைக்கு வந்த அதிகாரி பொறுமையான மனிதர். மிதவையின் உணரி ஒரு முழ ஆழத்தில்தான் தொங்குகிறது, மழை பெய்த மறுநாள் அது மேல்தண்ணீரை மட்டுமே அளந்திருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார். 'கருவிக் குறைபாடு' என்று எழுதி, தாளை அவள் பக்கம் திருப்பினார். "இதுல ஒரு கையெழுத்து போதும்மா."

பனிமயம் பேனாவை எடுத்தாள். பிறகு கீழே வைத்தாள்.

"கருவி தப்புன்னா ஆளு சொல்லணும்னுதான சார் எங்கள எறக்குதாக? எனக்குத் தெரியல. என் தோலுக்கு ரெண்டு வருசமா சூடு, குளிர் ஒண்ணும் தெரியல."

"ஏன் சொல்லல?"

"வேலை போயிரும்னு சொல்லல." தாளை அவர் பக்கமே தள்ளினாள். "யாரும் கேக்கவும் இல்ல. மத்தவங்களயும் பாருங்க."

பார்த்தார்கள். கருங்கழியின் ஒன்பது காவலர்களில் ஏழு பேருக்குச் சூடு தெரியவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல் பட்டை போட்டவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். அனுபவம் கூடியவர்கள்தான் உடற்சாட்சிக்குத் தகுதி என்பதும் வாரியத்தின் விதிதான். அந்த வருடம் எல்லாக் கழிகளிலும் குளிர்நாள் நிறுத்தப்பட்டது. மறுவருடமும் அறிவிப்பு வரவில்லை. சாட்சி சொல்ல ஆள் கிடைக்கவில்லை என்றார்கள்.

பனிமயத்துக்கு வேலை போயிற்று. அதைக் கேட்டபோதும் அவளுக்குள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நகரத்துக்குள் ஓர் அறை எடுத்து, தங்கையைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். ஜோவிட்டாவுக்கு வலக்கை விளங்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் தேடித்தான் பேசினாள். அன்று நடந்ததைப் பற்றி அவள் கேட்டதில்லை. விசாரணை அறிக்கையின் நகலைப் பனிமயமே ஒருநாள் அவள் மடியில் வைத்தாள். ஜோவிட்டா மூன்று நாள் எடுத்துப் படித்து முடித்து, மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

குளிக்கவைக்கும்போது பனிமயம் வெந்நீரை வாளியில் ஊற்றி, பச்சைத்தண்ணீர் கலந்து, தங்கையின் பக்கத்தில் வைப்பாள். ஜோவிட்டா இடக்கையை உள்ளே விடுவாள்.

"இன்னும்… கொஞ்சம்… பச்சத்தண்ணி."

பனிமயம் ஊற்றுவாள். "போதுமா?"

"போதும்."

முதல் செம்பை அவள் தோளில் ஊற்றும்போது பனிமயம் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த முகம் சுருங்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் இரண்டாவது செம்பை மொள்ளுவாள்.