சமதடத்தில் ஆறு எங்கே?

உப்பும் கோதுமை மாவும் குழைத்துத் தாட்சாயினி ஒரு பலகைமேல் நாட்டையே செய்து முடித்திருந்தாள். பெயர் சமதடம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வங்கக் கடலோரத்தில் இருந்த அரசு அது. இன்று அந்த இடம் வங்காளதேசத்தில் இருக்கிறது.

மேல்மாடியில் குடியிருக்கும் தஸ்னிம் அந்தப் பக்கத்துப் பிள்ளை. மொன்றியலுக்கு வந்து சில மாதங்கள்தான். வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். நாளை வகுப்பில் இருவரும் சேர்ந்து சமதடத்தைப் பற்றிப் பேசவேண்டும்.

தாட்சாயினி பலகையை மேலே தூக்கிப்போய்க் காட்டினாள். தஸ்னிம் தனக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சில் கேட்டாள்.

"ஆறு எங்கே?"

"தண்ணீருக்குத்தான் வீட்டுக்கு வீடு கிணறு வைத்திருக்கிறேனே."

போத்தல் மூடிகளால் செய்த கிணறுகளைத் தஸ்னிம் பார்த்தாள். அவள் முகம் வாடிவிட்டது. "நாளைக்கு நீயே பேசு" என்றாள்.

தாட்சாயினி பலகையோடு கீழே வந்தாள். கிணறு யோசனை அப்பாவுடையது.

"அப்பா, உங்கட ஊரில ஆறு இல்லையா?"

"யாழ்ப்பாணத்தில ஏது பிள்ளை ஆறு? கிணறுதான்."

"இது யாழ்ப்பாணம் இல்லையே."

அப்பா தலையைச் சொறிந்தார். "ஓம், பிழைதான். கடலோரம், சமநிலம் எண்டோடன எனக்கு எங்கட ஊர்தான் ஞாபகம் வந்தது. இப்ப என்ன, நாலு நீலக் கோடு கீறிவிடுவம்."

"எங்க கீறுறது? எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

தாட்சாயினி மூடிகளைப் பிடுங்கினாள். ஈரத்துணி போட்டு மாவை இளக்கினாள். பிறகு பலகையோடு மறுபடி மேலே ஏறினாள்.

"எனக்கு ஆறு தெரியாது. நீ போடு" என்று தஸ்னிமிடம் ஒரு கரண்டியை நீட்டினாள்.

தஸ்னிம் கரண்டியை வாங்கவில்லை. விரலாலேயே மாவை இழுத்தாள். மேற்கே அகலமாக மேக்னா ஆறு வந்தது. அதற்குப் பல கிளைகள் முளைத்தன. தலைநகரான தேவபர்வதத்தைச் சுற்றி ஒரு வளையம் போட்டாள்.

"இது க்ஷீரோதா. யானைகள் இதில் குளிக்கும். கரை முழுக்கப் படகுகள். பழைய செப்பேட்டில் அப்படித்தான் இருக்கிறது."

மறுநாள் வகுப்பில் ஒரு பையன், "இத்தனை ஆறு இருந்தால் மக்கள் எப்படி ஊர்விட்டு ஊர் போனார்கள்?" என்று கேட்டான்.

தாட்சாயினி வாயைத் திறப்பதற்குள் தஸ்னிம் எழுந்துவிட்டாள்.

"படகில்" என்றாள். அதோடு நிறுத்தவில்லை. பிரெஞ்சுச் சொல் கிடைக்காத இடத்தில் கையால் துடுப்புப் போட்டுக் காட்டினாள். தாட்சாயினி பேசவேண்டிய பாதியையும் அவளே பேசினாள்.

தாட்சாயினிக்குப் பலகையைத் தூக்கிப் பிடிப்பது மட்டும்தான் வேலை. கை நன்றாக வலித்தது. ஆனாலும் தஸ்னிம் பேசி முடிக்கும்வரை அவள் அதைக் கீழே வைக்கவில்லை.